டிப்போ, ரூட்டு, ஸ்டாப்பு

நான் ஓய்வு பெற்ற அன்று, என் நாற்காலிக்கு வந்த பெண்ணிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். கூடவே நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. சாவியை எண்ணி வாங்கிக்கொண்டவள், நோட்டைப் பிரித்ததும் சிரித்துவிட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். தலைப்பில் டிப்போ, ரூட்டு, ஸ்டாப்பு என்று எழுதியிருக்கும். "மேடம், இது நீங்க வீட்டுக்குப் போற பஸ் டைமா?" என்று கேட்டாள்.

இனிமேல் வரப்போகும் புத்தகங்களின் கணக்கு என்றேன். அவள் நம்பவில்லை. விளக்குவதற்குள் யாரோ மாலையோடு வந்துவிட்டார்கள். மாலையும் கழுத்துமாக நிற்கிற நேரத்தில் சொந்தத் தப்பைச் சொல்ல வாய் வரவில்லை, விட்டுவிட்டேன். அந்த மூன்று கட்டமும் ஒரு தப்பில் பிறந்தவை. அவளுக்கும், அவளைப்போல் நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பிளஸ் டூ, அதற்குப் பிறகு நூலகச் சான்றிதழ், அவ்வளவுதான். மீதியெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் நின்று காதால் படித்தது. எங்கள் கிளை எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டியது. கண்டெய்னர் லாரி போனால் அலமாரிக் கண்ணாடி அதிரும். வருகிறவர்கள் பேசுகிற பேச்சை நான் வீட்டுக்குப் போய் எழுதி வைப்பேன். வலை பின்னுகிற ஒருவர் ஒருநாள் சொன்னார்: "படிச்சா தூக்கம் வராத புக்கா குடும்மா. தூக்கம் வர்ற புக்கு எம்புள்ள பையிலயே நெறைய கீது." நூல் தேர்வு பற்றி எனக்கு அதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லவில்லை.

இந்த மக்கள் கவுண்டரில் கேட்கிற முதல் கேள்வி, "புதுசா இன்னா கீது?" இரண்டாவது கேள்வி, "அப்பால இன்னா வருது?" முதல் கேள்விக்கு அலமாரி பதில் சொல்லும். இரண்டாவதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மதிப்புரைப் பக்கத்தை வெட்டி வைப்பேன். பதிப்பகங்களின் நோட்டீசுகளைச் சேர்ப்பேன். புத்தகக் காட்சியில் ஒவ்வொரு கடையிலும் நின்று, அடுத்து என்ன போடுகிறீர்கள் என்று கேட்டு நச்சரிப்பேன். பிறகு கைபேசி வந்தது, வேலை இன்னும் சுலபமானது. வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, 'விரைவில்' என்று தலைப்புப் போட்டு, சாக்பீஸால் எழுதுவேன். சினிமா போஸ்டரை நின்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் பெருமை. மற்ற கிளைகளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்கிற பெருமை. தப்பு அந்தப் பெருமையில்தான் தொடங்கியது.

அன்வர் தண்டையார்பேட்டைக்காரர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லருக்கு ஹெல்பர். பதினாலு வருஷம் பாய்லர் பக்கத்திலேயே நின்றவர். சத்தத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். ஆனால் பாய்லரைப் பொறுப்பேற்று ஓட்ட அரசாங்கச் சான்றிதழ் வேண்டும், அதற்குத் தேர்வு உண்டு. அங்கே சான்றிதழோடு இருந்த அட்டெண்டர் ஓய்வு பெறப்போகிறார். அன்வர் தேர்வில் தேறினால் அந்த இடம் அவருக்கு. தேறாவிட்டால் கம்பெனி வெளியிலிருந்து ஆள் எடுக்கும். வருகிறவர் தன் ஹெல்பரைத் தானே கூட்டிக்கொண்டு வருவார். அப்போது அன்வருக்கு இருக்கிற வேலையும் போகும்.

தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது அவர் எங்கள் நூலகத்துக்கு வந்தார். இங்கிலீஷ் புத்தகம் ஓடாது, தமிழில் வேண்டும் என்றார். பாய்லர் பற்றித் தமிழில் எங்களிடம் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. பழுப்பேறி, முதுகு பிய்ந்து, நடுவில் சில பக்கங்கள் இல்லாமல். அவரே அலமாரியில் தேடி எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார்.

அந்த வாரம்தான் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. பாய்லர் தேர்வுக்கு, தமிழில், கேள்வி பதில் முறையில், அனுபவமுள்ள ஃபோர்மேன் ஒருவர் எழுதிய கையேடு. அடுத்த மாதம் வெளியீடு. அட்டைப்படம்கூட அச்சிட்டிருந்தார்கள். நான் நோட்டீஸைக் காட்டினேன். அவர் கையிலிருந்த பழைய புத்தகத்தை வாங்கி மேசைக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"இதைப் படிச்சுக் கொழம்பாதீங்க தம்பி. புதுசு வருது."

என் முப்பது வருஷ வேலையில் நான் திரும்ப எடுத்துக்கொள்ள நினைக்கிற வாக்கியம் அதுதான். கவனியுங்கள், புத்தகம் கேட்டு வந்த ஒருவர் கையிலிருந்து, இருக்கிற புத்தகத்தை நான் பிடுங்கினேன். இல்லாத ஒன்றுக்காக. அவரும் படித்த அம்மா சொல்கிறார் என்று சலாம் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் வந்து கேட்டார். வருது என்றேன். பதினைந்து நாள் கழித்துக் கேட்டார். பதிப்பகத்தின் கைபேசிப் பக்கத்தில் மறுபடியும் அதே அட்டைப்படம், கீழே 'விரைவில்'. அதைக் காட்டி, வந்துகொண்டே இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஒருவர் கேட்பதை நிறுத்தினால் தேவை தீர்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதுவும் நம் தொழிலில் ஒரு வியாதி.

தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. காலை பத்து மணிக்கு, கையில் காய்கறிப் பையோடு ஒரு பெண் வந்து கவுண்டரில் நின்றாள். அன்வரின் மனைவி ஜரினா. பையைக் கீழே வைக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அக்கா, நீங்கதான லைப்ரரி அக்கா. எங்க வூட்டுக்காரு பேப்பர், பேனா எல்லாம் எடுத்து வச்சிகினு குந்திகினு கீறாரு. படிய்யான்னா, புக்கு வருதுன்னு அக்கா சொல்லிச்சின்றாரு. எங்கக்கா வருது?"

வந்துகொண்டிருக்கிறது என்று மறுபடியும் என் வாய் தானாகச் சொன்னது.

"நானும் இந்த ரோட்டுலதான் பஸ்சுக்கு நின்னுகினு கீறேன்க்கா, கல்யாணம் ஆனதுலருந்து. வந்துகினே கீதுன்னு யாராச்சும் சொன்னா, பஸ்சு டிப்போவுல கீதுன்னு அர்த்தம். டோல்கேட்டாண்ட பார்த்தேன்னு சொன்னா ரூட்டுல கீது. ஏறி ஒரு காலு வச்சாதான் ஸ்டாப்புக்கு வந்துச்சுன்னு அர்த்தம். உங்க புக்கு எங்க கீது, அத்த சொல்லுங்க போதும்."

அப்போதுதான் உறைத்தது: எனக்கு அது எப்போதுமே தெரிந்திருக்கவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்த பத்துப் பன்னிரண்டு தலைப்புகளில் எது டிப்போவில், எது ரூட்டில் என்று ஒன்றுக்குக்கூட என்னால் சொல்ல முடியாது.

அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவள் முன்னாலேயே பதிப்பகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். எல்லாம் தயார், விரைவில் வந்துவிடும் என்றார். எனக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், எத்தனை பக்கம் என்று கேட்டு வைத்தேன். "சுமாரா இருநூறு இருக்கும் மேடம், கூடக் குறைய ஆகலாம்" என்றார்.

இந்த 'சுமாரா'வை நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அச்சுக்குப் போன புத்தகத்துக்குப் பக்கம் சரியாகத் தெரியும். சுமாராக இருநூறு பக்கம் உள்ள புத்தகம் இன்னும் பிறக்கவில்லை. நான் விடாமல் துருவினேன். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார்: ஆசிரியர் எழுதி முடித்துவிட்டார், ஆனால் திருத்தங்களுக்குச் சம்மதிக்காமல் கையெழுத்துப் படியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அச்சுக்கோப்பே தொடங்கவில்லை. அட்டை மட்டும்தான் உண்மை.

போனை வைத்துவிட்டு ஜரினாவிடம், டிப்போவில்தான் இருக்கிறது என்றேன். தப்பு என்னுடையது, உன் வீட்டுக்காரர் மேல் கோபப்படாதே என்றும் சொன்னேன். "கோவப்பட்டு இன்னா பண்றது. ஏழு வாரம் கீது. இன்னா செய்யப்போறீங்க, சொல்லுங்க" என்றாள். மன்னிப்பு அவளுக்குத் தேவைப்படவில்லை. வேலைதான் தேவைப்பட்டது. எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது.

முதல் வேலை, அந்தப் பழைய புத்தகம். அது அலமாரியில் இல்லை. புதுசு வருகிற தைரியத்தில் நானே அதைக் கழிவுப் பட்டியலில் சேர்த்து, பின்னறையில் சணலால் கட்டிப் போட்டிருந்தேன். முந்தானையைச் செருகிக்கொண்டு கட்டுகளை அவிழ்த்தேன். மூன்றாவது கட்டில், அடியில் கிடைத்தது. தூசியைத் தட்டி ஜரினா கையில் கொடுத்து, இன்றைக்கே தொடங்கச் சொல்லு என்றேன். புதுசு கைக்கு வருகிறவரை பழசைக் கழிக்காதீர்கள். இதை நான் சட்டமாகவே சொல்வேன்.

இரண்டாவது வேலை, அந்த ஃபோர்மேன். நோட்டீசில் கத்திவாக்கம் என்று ஊர் போட்டிருந்தது. பதிப்பகத்தின் மூலமே அவர் சம்மதம் கேட்டு, அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். எழுபது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், பதிப்பகம் சமாதானத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறது என்று முறைத்தார். நூலகம் என்று சொன்ன பிறகு நாற்காலி போட்டார்.

சண்டை வார்த்தைகளைப் பற்றியது. அவர் தொழிற்சாலையில் புழங்குகிற பேச்சில் எழுதியிருந்தார். பதிப்பாசிரியர் சேஃப்டி வால்வைக் 'காப்பு ஓரதர்' என்றும், தண்ணீர் அளவு பார்க்கிற கண்ணாடியை 'நீர்மட்டங்காட்டி' என்றும் வரிக்கு வரி மாற்றிவிட்டார். "பாய்லர்காரன் படிக்கணும்னு எழுதுனேன்மா. அவங்க பரீட்சை பேப்பர் திருத்துறவங்களுக்காக எழுதச் சொல்றாங்க" என்றார். தாள்களை எடுத்துக் காட்டினார். சிவப்பு மையில் திருத்தம், அதன்மேல் அவருடைய பென்சில் கோபம்.

அங்கே எனக்கு ஒரு சபலம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஒரு மணி நேரம் கொடுங்கள், படித்துவிட்டுத் தருகிறேன் என்று தாள்களை வாங்கிக்கொண்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. அன்வருக்கு அது போதும். ஆனால் அச்சாகாத தாள் ஒருவருடைய உழைப்பு. வாசகருக்காக என்று சொல்லிக்கொண்டு ஆசிரியரிடம் திருடினால், அடுத்த முறை எந்த ஆசிரியரும் நமக்குக் கதவு திறக்க மாட்டார். அதனால் நேராகக் கேட்டேன். இப்படி ஒருவர் இருக்கிறார், என் தப்பால் நாலு மாதத்தில் பாதிக்குமேல் போய்விட்டது, உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து இதைப் படிக்க விடுவீர்களா?

அவர் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வருகிறவர் புரியாத ஒவ்வொரு வார்த்தையையும் வட்டம் போட வேண்டும். பதிப்பாசிரியர் வார்த்தையானாலும் சரி, தன் வார்த்தையானாலும் சரி.

அன்வர் வாரம் ஒரு நாள் லீவில் கத்திவாக்கம் போனார். மற்ற நாளில் ஷிப்டு முடிந்து எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து பழைய புத்தகம். முதல் வாரம் திரும்பி வந்தவர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "ஓரதர்னா இன்னாக்கா? ஓரமா நிக்கிற பிரதரா?" என்று கேட்டார். வாசிப்பு மேசையில் இருந்தவர்கள் சிரித்து ஓய நேரமானது. ஆனால் இரண்டாவது வாரம் அவர் வட்டம் போட்டதில் ஃபோர்மேனின் வார்த்தைகளும் இருந்தன. அவர் காலத்து வார்த்தைகள் சில இப்போது புழக்கத்தில் இல்லை. ஃபோர்மேன் முதலில் சண்டைக்கு வந்தாராம். பிறகு ரப்பரை எடுத்தாராம்.

வட்டம் போட்ட வார்த்தைகளை நான் பட்டியலாக எழுதி, அன்வரும் ஃபோர்மேனும் சம்மதித்த பிறகு, பதிப்பகத்துக்கு அனுப்பினேன். இதைப் படிக்கப் போகிற ஆள் இவர், இவருக்குப் புரிந்தது இது, புரியாதது இது என்று. பதிப்பாசிரியர் என்னோடு போனில் நெடுநேரம் வாதாடினார். தமிழ்ச் சொல்லும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர்களுக்கு எது மிஞ்சும் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். கடைசியில் உள்ளே தொழிற்சாலைப் பேச்சு, பின்னால் தமிழ்ச் சொற்களின் பட்டியல் என்று முடிவானது. அன்றைக்குத்தான் நான் நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். வாசல் கரும்பலகையைத் துடைத்துவிட்டேன். ஒவ்வொரு தலைப்புக்கும் போன் போட்டு, பக்கம் எத்தனை என்று கேட்டேன். எல்லாமே சுமார்தான். எல்லாவற்றையும் டிப்போவில் எழுதினேன். பாய்லர் கையேட்டை மட்டும் அதற்கு இரண்டு வாரம் கழித்து, பக்கம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று சொன்ன அன்று, ரூட்டில் எழுதினேன்.

ஆனால் தேர்வு முந்திக்கொண்டது. புத்தகம் அச்சகத்தில் இருந்த வாரத்திலேயே அன்வர் எழுதப் போனார்.

எழுத்துத் தேர்வை முடித்து, வாய்மொழித் தேர்வும் முடிந்த மறுநாள் வந்து நடந்ததைச் சொன்னார். தேர்வாளர் கேட்ட கேள்வி: பாய்லர் எரிந்துகொண்டிருக்கிறது, கண்ணாடியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை, என்ன செய்வாய்? பழைய புத்தகத்தில் கிழிந்துபோன பக்கங்கள் அந்த இடம்தான். விஷயம் தெரியாதவருக்கு, தண்ணீரைத் திறந்துவிடுவேன் என்றுதான் சொல்லத் தோன்றும். காய்ந்து சிவந்த இரும்பில் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடித்துவிடும் என்பது அந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்வர், முதலில் தீயை நிறுத்துவேன், தண்ணீர் விடமாட்டேன் என்றாராம். தேர்வாளர் விடவில்லை. தீயை நிறுத்தினால் உற்பத்தி நிற்கும், மேனேஜர் கத்துவாரே என்றாராம்.

"கத்தட்டும் சார்னேன். கத்துறதுக்கு அவரு உசுரோட இருக்கணும்ல."

தேர்வாளர் சிரிக்காமல் ஏதோ எழுதிக்கொண்டாராம். அந்தப் பதிலை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ஃபோர்மேன் வீட்டில், அவர் பென்சிலால் எழுதி, அடிக்கோடு போட்டிருந்த ஒரு பக்கத்தில் என்றார்.

அந்த அடிக்கோடு போட்ட வரியை நானும் அவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். 'கண்ணாடியில் தெரியாத தண்ணீரை இருப்பதாக நினைக்காதே.' அவர் பாய்லருக்குத்தான் எழுதினார். எனக்கு அது கரும்பலகையைத்தான் காட்டியது. தம்பி, தங்கைகளே, உங்கள் கைபேசியில் தினமும் பத்து அட்டைப்படம் வருகிறது. பாருங்கள், பாராமல் இருக்காதீர்கள். எந்தப் புத்தகம் எங்கே உருவாகிறது என்று தெரியாத நூலகர், அலமாரிக்குக் காவல்காரர் மட்டும்தான். ஆனால் பார்த்ததை அப்படியே வாசகரிடம் தள்ளிவிடாதீர்கள். போன் போடுங்கள். பக்கம் கேளுங்கள். முடிந்தால் எழுதுகிறவரிடமே போங்கள். அதற்குப் பிறகு, அது எங்கே இருக்கிறது என்பதை வாசகரிடம் உள்ளபடி சொல்லுங்கள். டிப்போவில் இருக்கிறது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள். அந்த வழியை அடைக்காமல் இருந்தாலே நம் வேலையில் பாதி முடிந்தது.

தேர்வு முடிவு வந்து, அன்வர் அட்டெண்டராகப் பொறுப்பேற்று ஒரு வாரம் ஆகியிருக்கும். முற்பகலில் ஃபோர்மேன் நேரிலேயே வந்தார். மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். மை வாசனை போகவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. நோட்டை எடுத்து மூன்றாவது கட்டத்தில் தேதி போட்டேன்.

உடனே அன்வர் எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஜரினா. புத்தகம் வந்துவிட்டது என்றேன்.

"எங்கக்கா கீது?" என்றாள்.

"ஸ்டாப்புல. கையில வச்சிகினுதான் பேசுறேன்."

"அப்போ ஒரு வரி படிச்சிக் காட்டுங்க."

கையில் பட்ட பக்கத்தைத் திறக்காமல், தேடித்தான் திறந்தேன். "கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை என்றால்..." என்று படிக்கத் தொடங்கினேன். ஜரினா போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பாள் போல. வீட்டுக்குள்ளிருந்து, சோற்றை மென்றுகொண்டே அன்வரின் குரல் வந்தது.

"மொதல்ல தீய நிறுத்து."

புத்தகத்தில் அடுத்து அச்சாகியிருந்ததும் அதுதான்.